குற்றம் ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கா?

ஆட்டோவின் பின்கண்ணாடியில், ஊர் எல்லைச் சுவரில், பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரத்தில் என்று தமிழ்நாட்டில் அநேகமாக எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும் செய்தி இது: இயேசு நம் பாவங்களுக்காகச் சிலுவையில் மரித்தார், அவரை நம்புகிறவருக்கு இரட்சிப்பு உண்டு. கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் இதைப் படித்ததும் கேட்கும் முதல் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். தப்பு செய்தவன் நான், தண்டனையை அனுபவித்தவர் வேறொருவர் என்றால் இது எந்த ஊர் நியாயம்? கொலை செய்தவனை விட்டுவிட்டு, அவனுக்காக முன்வந்த நல்லவர் ஒருவரை எந்த நீதிமன்றமாவது தூக்கில் போடுமா? போட்டால் அதை நீதி என்போமா, இரண்டு அநீதிகள் என்போமா? கேள்வி நியாயமானது, இதைக் கேட்பவரைப் பக்தி இல்லாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது எதன் மேல் போய் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நீதிபதி, குற்றவாளி, தீர்ப்பு, தண்டனை என்ற வரிசையில் சிலுவையை விளக்கும் முறை, ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில்தான் முழு உருவம் பெற்றது. இயேசுவை மீட்பர் என்று நம்புகிறவர்கள் அதற்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். நம்பிக்கை வேறு, அதற்குப் பிற்காலம் தந்த விளக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுவதால்தான் பிரசங்கிப்பவரும் மறுப்பவரும் ஒரே இடத்தில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மீட்பர் என்ற பட்டம் முதல் நூற்றாண்டில் புதிதல்ல. இன்றைய துருக்கியில் இருக்கும் பிரியேன் என்ற பழைய நகரில் கிடைத்த, கி.மு. 9-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, ரோமப் பேரரசர் அகஸ்டஸை மீட்பர் என்று புகழ்கிறது. அவர் பிறந்த நாளிலிருந்துதான் உலகத்துக்கு நற்செய்தி தொடங்கியது என்றும் சொல்கிறது. போரை நிறுத்தி அமைதி தந்தவர் என்பது அதன் பொருள். யூதர்களுக்கோ மீட்பு என்றதும் நினைவுக்கு வந்தது எகிப்து. அங்கே செங்கல் சுமந்த அடிமைகளைக் கடவுள் வெளியே கொண்டுவந்தார் என்பதே அவர்களுடைய நம்பிக்கையின் அடித்தளம். அந்தக் கதையில் விடுதலை கிடைத்தது அடிமைத்தனத்திலிருந்து. குற்ற உணர்வுக்கு அதில் வேலையே இல்லை. அப்படியானால் பாவம் எப்படி உள்ளே வந்தது? அப்போஸ்தலர் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு விடை இருக்கிறது. அவர் பாவத்தைச் செயல்களின் பட்டியலாகப் பார்க்கவில்லை. நல்லதைச் செய்ய வேண்டும் என்று மனம் விரும்புகிறது, கை வேறொன்றைச் செய்கிறது என்று மனிதனின் பிளவைச் சொல்லி, பாவம் நம்மை ஆளும் எஜமான் என்கிறார். எகிப்தின் அரசன் இருந்த இடத்தில் இப்போது பாவமும் சாவும் உட்கார்ந்திருக்கின்றன. எனவே மீட்பு என்பதும் முதலாவதாக விடுதலைதான்.

பலி என்ற எண்ணம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை யூதர்கள் கடைப்பிடித்த பாவநிவாரண நாளின் சடங்கு பைபிளின் லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் விவரமாக உள்ளது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலியாகும். அதன் இரத்தத்தைத் தலைமைக் குரு திருஉறைவிடத்தின் உட்பகுதிக்கு எடுத்துச்சென்று தெளித்து அந்த இடத்தைத் தூய்மைப்படுத்துவார். பிறகு மற்ற கடாவின் தலைமேல் இரு கைகளையும் வைத்து, மக்களுடைய எல்லாக் குற்றங்களையும் அதன்மேல் அறிக்கையிடுவார். ஓர் ஆள் அதை ஓட்டிக்கொண்டுபோய் வனாந்தரத்தில் விட்டுவிடுவான். கொல்லப்பட்ட கடாவின்மேல் பாவங்கள் அறிக்கையிடப்படவில்லை. பாவங்கள் ஏற்றப்பட்ட கடாவைக் கொல்லும்படி சட்டம் சொல்லவும் இல்லை. ஒன்று தூய்மையாக்குகிறது, மற்றது சுமந்து வெளியே கொண்டுபோகிறது. நமக்குப் பதில் ஆட்டுக்குத் தண்டனை கொடுத்தார்கள் என்பது பிற்காலக் கண்ணாடி வழியே பார்ப்பவருக்குத் தெரியும் காட்சி.

முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் சிலுவையைப் பற்றி எப்படி உணர்ந்தார்கள் என்பதற்கு எழுத்துக்களைத் தவிரச் சுவர்களும் சாட்சி. ரோமில் பாலத்தீன் குன்றில் 1857-இல் ஒரு சுவர்க் கிறுக்கல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 200-ஐ ஒட்டியது என்று கருதுகிறார்கள். சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம் தொங்குகிறது. கீழே ஒருவன் கை உயர்த்தி நிற்கிறான். அலெக்சமெனோஸ் என்பவன் தன் தெய்வத்தைக் கும்பிடுகிறான் என்ற பொருளில் கிரேக்கத்தில் கோணல்மாணலாகக் கீறியிருக்கிறார்கள். கூட இருந்த எவனோ ஒரு கிறிஸ்தவனைக் கிண்டல் செய்ததுதான். சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய கேவலமான சாவு. அதில் செத்தவரை வணங்குவது அன்றைய ரோமனுக்குச் சிரிப்புக்குரிய விஷயம். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் அதே காலத்துக் கிறிஸ்தவர்கள் வரைந்த ஓவியங்களில் நல்ல மேய்ப்பன் இருக்கிறார், மீன் வயிற்றிலிருந்து மீண்ட யோனா இருக்கிறார், சிங்கங்களுக்கு நடுவே தானியேல் இருக்கிறார். சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைக் கிறிஸ்தவர்களே பொது இடத்தில் சித்திரித்ததற்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, ரோமில் சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில் உள்ள சிறு பலகை. அது 430-ஐ ஒட்டிச் செதுக்கப்பட்டது. அதற்கு முன் அவர்கள் விரும்பி வரைந்ததெல்லாம் சாவின் வாயிலிருந்து தப்பியவர்களைத்தான்.

இறையியலாளர்களின் எழுத்திலும் இதே தொனிதான். 2-ஆம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயர் இரனேயு, ஆதாம் இடறிய பாதையை இயேசு மறுபடி நடந்து சீர்செய்தார் என்றார். 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு, அழிவுக்குள் போய்க்கொண்டிருந்த மனித இயல்புக்குள் கடவுளே இறங்கிவந்து அதற்கு உயிர் ஊட்டினார் என்று விளக்கினார். நீசா நகர கிரகோரி இன்னும் ஒரு படி போய், சாத்தானிடம் பிணைக்கைதியாக இருந்த மனிதனுக்கு இயேசு மீட்புத்தொகையாகத் தரப்பட்டார், தூண்டில் முள்ளை இரைக்குள் மறைப்பதுபோல் தெய்வீகம் மனித உடலுக்குள் மறைந்திருந்தது, சாத்தான் விழுங்கி மாட்டிக்கொண்டான் என்று ஒரு கதையே சொன்னார். அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரிக்கு இது பிடிக்கவில்லை. மீட்புத்தொகை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டார். சாத்தானுக்கு என்றால் அது அவமானம். தந்தையாகிய கடவுளுக்கு என்றால், நம்மைச் சிறைப்பிடித்தவர் அவர் அல்லவே, தம் மகனின் இரத்தத்தில் அவருக்கு என்ன மகிழ்ச்சி? இன்று நாத்திகர் ஒருவர் கேட்டால் கடும் விமர்சனம் என்று சொல்லப்படும் கேள்வியை 4-ஆம் நூற்றாண்டில் ஒரு பேராயர் வழிபாட்டு உரையிலேயே கேட்டிருக்கிறார். அந்தச் சூழலில் கூடிய திருச்சபைச் சங்கங்களின் நிதானமும் கவனிக்கத் தக்கது. 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடியவர்கள் கிறிஸ்து யார் என்பதற்கு ஒவ்வொரு சொல்லாகச் சண்டையிட்டு வரையறை எழுதினார்கள். நமக்காக, நம் மீட்புக்காக வந்தார் என்றும் எழுதினார்கள். அவருடைய சாவு எப்படி நம்மை மீட்கிறது என்பதற்கு மட்டும் வரையறை தரவில்லை. கத்தோலிக்கரும் கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளும் ஒருசேர ஏற்ற முதல் ஏழு சங்கங்களில் எதுவும் அதைத் தரவில்லை.

கணக்கு வழக்கு உள்ளே வந்தது 1098-இல், கான்டர்பரி பேராயர் அன்செல்ம் எழுதிய நூலோடு. அவர் வாழ்ந்தது பிரபுக்களின் காலம். பிரபுவின் மானத்துக்குப் பங்கம் செய்தவன் அதற்கு ஈடு செய்ய வேண்டும், ஈடின் அளவு இழிவுபட்டவரின் தகுதியைப் பொறுத்தது. கடவுளின் மானத்துக்கு ஈடு செய்ய மனிதன் கடமைப்பட்டவன், ஆனால் செய்ய வல்லவர் கடவுள் மட்டுமே. ஆகவே கடவுளே மனிதராக வந்தார் என்று அன்செல்ம் வாதிட்டார். இதிலும் கூர்ந்து பார்த்தால், அவருக்கு ஈடு என்பதும் தண்டனை என்பதும் ஒன்றுக்கொன்று மாற்று: ஈடு கிடைத்தால் தண்டனை தேவையில்லை. இயேசு தண்டிக்கப்பட்டார் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த தலைமுறையில் பாரிசில் அபெலார்ட், சிலுவையில் தெரியும் அன்பு நம் மனத்தைத் திருப்புகிறது, அதுவே மீட்பு என்று எழுதி துறவி பெர்னார்டு போன்றவர்களின் கோபத்துக்கு ஆளானார். சட்டம் படித்த சீர்திருத்தவாதி கால்வின் 16-ஆம் நூற்றாண்டில் வந்து, அன்செல்மின் ஈட்டை நீதிமன்றத் தண்டனையாக மாற்றிக் கூர்மையாக்கினார். நமக்கு விழ வேண்டிய தீர்ப்பு அவர்மேல் விழுந்தது என்ற இன்றைய துண்டுப் பிரசுர வாசகத்தின் பிறப்பிடம் இதுதான். புராட்டஸ்டன்ட் மிஷன்கள் வழியாக அது உலகமெங்கும் போயிற்று. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளோ அந்தப் பக்கமே அதிகம் போகாமல் இன்றுவரை அத்தனாசியுவின் மொழியில் பேசுகின்றன.

கால்வின் காலமாகிச் சில பத்தாண்டுகளுக்குள் முதல் எதிர்ப்பு அச்சேறிவிட்டது. இத்தாலியரான ஃபௌஸ்டோ சோசினி 1594-இல் வெளியிட்ட நூலில் சொன்னது எளிமையானது. கடனை ஒருவருக்காக இன்னொருவர் கட்டலாம், பணத்துக்கு ஆள் அடையாளம் கிடையாது. தண்டனை அப்படிக் கைமாறாது, அது குற்றம் செய்தவனோடு ஒட்டியது. மேலும், முழுத் தொகையையும் வாங்கிக்கொண்ட பிறகு மன்னித்தேன் என்று சொல்வதில் என்ன பெருமை? சர்வதேசச் சட்டத்தின் முன்னோடி என்று இன்று அறியப்படும் ஹூகோ குரோஷியஸ் 1617-இல் இதற்குப் பதில் எழுதினார். ஆனால் பதில் சொல்லும்போதே, சிலுவை தனிக்கடனுக்கு ஈடு அல்ல, உலகை ஆள்பவர் சட்டத்தின் மதிப்பைக் காக்க எடுத்த முடிவு என்று நிலையை நகர்த்திக்கொண்டார். சோசினியின் வாதத்துக்கு நீதிமன்ற மாதிரிக்குள் நின்று முழு விடை கிடையாது என்பதே என் கருத்து. அந்த மாதிரிக்கு வெளியே விடை இருக்கிறது. மன்னிப்பு என்பது செலவில்லாத காரியம் அல்ல. கொடுத்த பணத்தை வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர் அந்த நஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். துரோகத்தை மன்னிக்கிறவர் பழிவாங்கும் உரிமையை விழுங்கிக்கொள்கிறார். கிறிஸ்தவம் சொல்லும் திரித்துவக் கொள்கையின்படி சிலுவையில் இருந்தவர் தெருவில் பிடித்துவரப்பட்ட மூன்றாம் நபர் அல்லர், மன்னிக்கிற கடவுளே. அந்தக் கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம். ஆனால் அதைக் கழித்துவிட்டுச் சிலுவையை விளக்கினால், கோபக்காரத் தந்தை ஒருவர் அப்பாவி மகனை அடிக்கும் கதைதான் மிஞ்சும். பல பிரசங்கங்களில் மிஞ்சுவதும் அதுவே.

வேதத்திலேயே இருக்கிறதே என்று சீர்திருத்த சபையினர் ஆட்சேபிப்பார்கள். ஏசாயா 53-ஆம் அதிகாரத்தில் பிறருடைய மீறுதல்களுக்காகக் காயப்பட்ட ஊழியர் வருகிறார். நம் பாவங்களுக்காக அவர் மரித்தார் என்று பவுலும், நம் பாவங்களை அவர் சுமந்தார் என்று பேதுருவும் எழுதுகிறார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. நமக்காக, நம் இடத்தில் என்ற எண்ணத்தைப் புதிய ஏற்பாட்டிலிருந்து உருவி எடுத்தால் கட்டடமே சரியும். ஆனால் அதே ஆசிரியர்கள் அதே மூச்சில் வெற்றி, மீட்புத்தொகை, பஸ்கா ஆட்டுக்குட்டி, ஒப்புரவு, புதுப் பிறப்பு என்று வேறு பலவும் சொல்கிறார்கள், எதையும் மற்றதற்குத் தலைவனாக்கவில்லை. சுவீடனைச் சேர்ந்த லூத்தரன் அறிஞர் குஸ்தாஃப் ஔலேன் 1931-இல் ஆங்கிலத்தில் வந்த நூலில், முதல் ஆயிரம் ஆண்டுகளின் மைய எண்ணம் கிறிஸ்துவின் வெற்றி என்று காட்டினார். லூத்தரும் அந்த வரிசைதான் என்று அவர் வாதாடியதில் கொஞ்சம் இழுவை உண்டு என்றாலும், பழைய சான்றுகளைப் பற்றிய அவர் கணிப்பு பெருமளவு நிலைத்தது.

விளக்கங்கள் மாறலாம் என்றால் மாறாதது என்ன? மனிதன் தன்னைத்தானே மீட்டுக்கொள்ள முடியாது, மீட்பு வெளியிலிருந்து வருகிறது என்பதே. நல்லவனாக இருக்க மனிதனுக்குப் போதிய சக்தி உண்டு என்று போதித்த பெலாஜியஸை 418-இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது இதனால்தான். அவர் எதிரே நின்று வாதிட்டவர் ஆயர் அகஸ்டின். லூத்தர் 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துக் கிளம்பியதும், கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரெந்து சங்கத்தில் பதில் தந்ததும் இதன் நுட்பங்கள் பற்றித்தான். பல நூற்றாண்டுகள் சபித்துக்கொண்ட இரு தரப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, மீட்பு அருளாலேயே வருகிறது, மனிதத் தகுதியால் அல்ல என்று ஒன்றாக ஒப்புக்கொண்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். இது மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது என்ற மறுப்பு பழையது, தன்மானம் பேசும் எந்தச் சிந்தனையாளரும் எழுப்புவது. அதற்கு இறையியலை விட்டு வெளியே ஒரு சான்று: 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில் முதல் படி, குடியின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது. தன்மானம் மிகுந்தவர்கள் நாளை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே குடித்தார்கள். சக்தியில்லை என்று ஒப்புக்கொண்ட பலர் எழுந்தார்கள். இயலாமையை ஒப்புக்கொள்வது தன்னைத் தாழ்த்திக்கொள்வது ஆகாது என்பதற்கு இது போதும். கிறிஸ்தவம் சொல்லும் மீட்பர் உண்மையா என்பதற்கு இது சான்று ஆகாது.

எல்லாம் அருள் என்றால் பாவம் செய்துகொண்டே இருக்கலாமே என்ற கேள்வியைப் பவுலே கேட்டுக்கொண்டு, கூடாது என்று மறுக்கிறார். ஹிட்லரின் காலத்தில் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-இல் வெளியிட்ட நூலில், மனந்திரும்புதலைக் கேட்காத மன்னிப்பை மலிவான அருள் என்று சாடினார். 1945 ஏப்ரலில் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் இந்த விஷயத்தில் எல்லோரையும்விட நல்ல சாட்சி லூக்கா நற்செய்தியில் வரும் சகேயு. எரிகோவில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன். ரோமுக்காக வசூலித்துக் கொடுத்து, கூடப் பிடுங்கியதைத் தன் பையில் போட்டுக்கொள்வது அன்று அந்தத் தொழிலின் வழக்கம். குள்ளமானவன் என்பதால் கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் காட்டத்தி மரத்தில் ஏறுகிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அறிக்கையோ நிபந்தனையோ கேட்கவில்லை. ஊரார் முணுமுணுக்க, சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்று இயேசு அப்போது அறிவிக்கிறார். சிலுவை இன்னும் வரவில்லை. யாரும் யாருக்காகவும் தண்டனை பெறவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்தார், அருள் முதலில் வந்தது, திருப்பிக்கொடுத்தல் பின்னால் வந்தது. மீட்பு என்ற சொல் அங்கே வழக்கு முடிந்ததைக் குறிக்கவில்லை, ஓர் ஆள் மாறியதைக் குறிக்கிறது.

கிறிஸ்துவை அறியாதவர்களின் கதி என்ன என்பதில் சபைகளுக்குள் உடன்பாடு இல்லை. நேர்மையாகக் கடவுளைத் தேடுகிறவர்களுக்கும் மீட்பு கிட்டலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னது, சுவிசேஷ சபைகள் பலவும் அதை ஏற்பதில்லை. நம் நாட்டில் இன்னொரு வகையான சிந்தனை நடந்தது. 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடுவதற்குச் சற்று முன்பு, கிறிஸ்தவத்தை இந்தியாவில் மறுபடி சிந்திப்பது பற்றிச் சென்னையில் ஒரு நூல் வெளிவந்தது. அதன் முக்கிய எழுத்தாளர்களில் ஒருவர் பி. செஞ்சையா, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். வாழ்நாளெல்லாம் சட்டத்தோடு புழங்கிய அந்த மனிதருக்குச் சட்ட மொழியில் சொல்லப்பட்ட மீட்பு போதவில்லை. இயேசு படைப்பில் தோன்றிய புது மனிதர், அவருடைய ஆவியால் நாமும் புதுப்படைப்பு ஆகிறோம் என்பதே அவருக்குச் செய்தி. பாளையங்கோட்டைக்காரரான ஆயர் ஏ. ஜே. அப்பாசாமி கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே எழுதினார்.

இதுவரை சொன்ன மறுப்புகளைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் இவான் அதை எழுப்புகிறான்: ஒரு குழந்தையைச் சித்திரவதை செய்தவனை மன்னிக்க யாருக்கு உரிமை? தாய்கூடத் தன் வேதனையை மன்னிக்கலாம், குழந்தையின் வேதனையை அல்ல. பாவி கடவுளிடம் மன்னிப்புப் பெற்று நிம்மதியாகத் தூங்கும்போது, அவனால் நொறுங்கியவளுக்கு மீட்பு எங்கே? நீதிமன்ற மாதிரி இங்கே பேச்சற்றுப் போகிறது, ஏனென்றால் அதில் இருப்பவர்கள் நீதிபதியும் குற்றவாளியும்தான். பாதிக்கப்பட்டவருக்கு அதில் இருக்கை இல்லை. கொரிய வம்சாவளி இறையியலாளர் ஆண்ட்ரூ சங் பார்க் 1993-இல் இதையே நூலாக எழுதினார்: பாவக் கொள்கை பாவம் செய்தவருக்கு மருந்து தருகிறது, பாவத்துக்கு இரையானவருக்கு எதுவும் தருவதில்லை. இதற்குக் கிறிஸ்தவத்தில் முழுமையான விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்ற இயேசுவின் கட்டளை பாதி விடை. சகேயுவின் நான்கு மடங்கு இன்னொரு பகுதி.

சென்னை குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கு வடிவம் தந்த அரவிந்த் நிர்மல் இந்த இடத்திலிருந்துதான் தொடங்கினார். ஆலயத்தில் தனி வரிசை, கல்லறையில் தனிப் பகுதி என்று ஒதுக்கப்பட்ட மக்களிடம் போய், நீங்கள் பாவிகள், உங்களுக்கு மன்னிப்பு வேண்டும் என்று மட்டும் சொல்வது அவருக்கு நற்செய்தியாகப் படவில்லை. அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டது உபாகமம் 26-ஆம் அதிகாரம். முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவரும் விவசாயி குருவின் முன் நின்று தன் முன்னோரின் கதையைச் சொல்கிறான்: நாடோடியாக அலைந்தார்கள், எகிப்தில் ஒடுக்கப்பட்டார்கள், கதறினார்கள், கடவுள் அந்தக் கதறலைக் கேட்டு வெளியே கொண்டுவந்தார். அவர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று அந்த அறிக்கையில் ஓரிடத்திலும் இல்லை.